செலண்டாரில் பத்து நிமிடம் நின்ற தண்ணீர்

கோவில்பட்டியில் நீர்வண்ணம் தீட்டுகிறவளுக்கு எதிரி வெயில். தாளின் ஒரு ஓரத்தில் வானத்தைப் பூசி மறு ஓரத்துக்கு வருவதற்குள் முதல் ஓரம் காய்ந்து அப்பளமாகிவிடும். மலாக்காவில் நேர்மாறு. காலை ஒன்பது மணிக்குப் பூசிய வானம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஈரமாகவே இருந்தது. நான் போட்ட மேகம் மெல்ல வழிந்து கீழே நின்ற மாட்டின் முதுகில் இறங்கிவிட்டது.

நாலு படம் போடப் போய் மூன்றோடு திரும்பிய கதை இது. மலாக்கா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ராஜேந்திரன் தன் கடைச் சுவருக்குப் படம் கேட்டிருந்தார். சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுக்கும் சிவப்புக் கட்டடம் வேண்டாம், தோட்டப்புறம் வேண்டும், அதுவும் நேரில் உட்கார்ந்து வரைந்ததாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து, பிள்ளைகளுக்குப் பூசணிக்காயும் குடமும் சொல்லிக்கொடுத்தவளை ஒருவர் கடல் தாண்டிக் கூப்பிடுகிறார். அங்கே மழை எப்படி என்று கேட்கத் தோன்றுமா? நான் கேட்கவில்லை.

பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு வீட்டு மாடி அறையை எனக்கு ஏற்பாடு செய்திருந்தார். வீட்டுக்காரி சரோஜா, பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் கேண்டீனில் சமையல் பார்க்கிறவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். அவர் கணவர் மணியம் அண்ணன் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னை ஏற்றிக்கொண்டு சுற்றும் பொறுப்பு அவருடையது. அதிகம் பேச மாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் அடுத்த சிக்னலில்தான் வரும்.

திங்கட்கிழமை மெர்லிமாவில் தொடங்கினோம். ரொட்டி சானாய்க்கு மூன்று வகைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, சந்தைக்குப் பின்னால் மாடு மேயும் திடலில் உட்கார்ந்தேன். மோட்டார் சைக்கிள்கள் என்னைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தன. மாட்டின் முதுகில் மேகம் இறங்கியது இங்கேதான். மிச்சத்தை ஒரு மழை வந்து கழுவிவிட்டுப் போனது. எங்கள் ஊரில் மழை நாலு ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் வரும். இங்கே பேச்சு மூச்சில்லாமல் வந்து, வேலையை முடித்து, வெயிலைக் கூப்பிட்டு விட்டுவிட்டுப் போகிறது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்ற மலாய்க்கார அம்மா என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். மணியம் அண்ணன் மொழிபெயர்த்தார்: மழை வரும் என்று தெரிந்தும் காகிதத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளையை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறாராம்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது சரோஜா தன் கதையைச் சொன்னார். அவர் வாழ்க்கைப்பட்டது செலண்டார் பக்கம் ஒரு தோட்டத்தில். அந்தத் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். சுடுகாட்டு நிலமும் அதில் போகிறது. புதைக்கப்பட்டவர்களின் குடும்பத்தார் வரும் சனிக்கிழமை வந்து இடத்தை அடையாளம் காட்டினால், தோண்டி எடுத்து டவுனில் புது இடத்தில் வைத்துக்கொள்ளலாம். யாரும் காட்டாத குழிகளை எல்லாம் சேர்த்து ஒரே குழியில் போட்டு மூடிவிடுவார்கள்.

"எங்க மூத்தது பொண்ணு, டீச்சர். பதினோரு நாளு. பேருகூட வைக்கல. பொம்பளைங்க அங்கல்லாம் வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நான் வாசல்ல நின்னு பாத்தேன். ஆம்பளைங்க முதுகுதான் தெரிஞ்சிச்சு."

மணியம் அண்ணன் அன்று லாரியோடு ஜொகூரில் இருந்தாராம். இரண்டு நாள் கழித்து வந்தவரை அவருடைய அப்பா கூட்டிப்போய் இடத்தைக் காட்டினாராம். வருடா வருடம் அந்த நாளில் போய்ப் பால் ஊற்றிவிட்டு வருகிறவர் மணியம் அண்ணன் ஒருவர்தான். அவருக்கு இடம் தெரியும் என்பதுதான் தனக்கு இத்தனை வருடத் தைரியம் என்றார் சரோஜா. சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டாராம். ஒரே குழியில் போட விடமாட்டேன் என்று இரண்டு தடவை சொன்னார். மணியம் அண்ணன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் செலண்டார். எனக்குச் சரிவான நிலமும் இலைக்கு நடுவில் இறங்கும் வெளிச்சமும் வேண்டும் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. முன்பே முடிவு செய்தவர் போல ரோட்டிலிருந்து ஒரு மண்பாதையில் காடியைத் திருப்பினார். கார் என்பதற்கு அங்கே காடி. வரிசை வரிசையாகச் செம்பனை, எண்ணெய்க்காக வளர்க்கும் பனை. அதைத் தாண்டி ஒரு வளைவில், மரங்கள் கலைந்து புதரும் புல்லுமாக ஒரு சரிவு. ஓரத்தில் வெட்டாமல் விட்ட பழைய ரப்பர் மரம் ஒன்று. அதனடியில் தார்ப்பாயை விரித்து, ராஜேந்திரன் கடையிலிருந்து வாங்கி வந்த பெரிய குடையை மரத்தோடு கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

நல்ல இடம் என்றுதான் முதலில் நினைத்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, பறவைச் சத்தமே இல்லை. அந்த வளைவைக் கடந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் எதிரே ஆளில்லாதபோதும் இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்கள். ஒருவராவது என் பக்கம் திரும்பவில்லை. குடைக்கடியில் உட்கார்ந்து ஒரு கிழவி படம் போடுவதை வேடிக்கை பார்க்காத ஊரை நான் அதுவரை கண்டதில்லை.

மணியம் அண்ணன் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு புதருக்குள் போனார். பத்தடிக்கு ஒருமுறை நின்று கம்பியை மண்ணில் குத்துவார். காதைச் சாய்த்து ஏதோ கேட்பது போல நிற்பார். உருவுவார், நகருவார். என்ன தேடுகிறீர்கள் என்றேன். புற்றுக் காளான் என்றார். காளானைக் கம்பியால் குத்தித் தேடுவார்களா என்று கேட்க வாய் வந்தது, வெளிநாட்டு வழக்கம் நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். மாலையில் வெறுங்கையோடு வந்தார். கையெல்லாம் மண்.

புதன்கிழமை காடி சேற்றில் சிக்கிக்கொண்டது. செம்பனைக் குலை வெட்டும் இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் உதவிக்கு வந்தார். அவர் சரிவைக் கடந்து வந்த விதம்தான் விசித்திரமாக இருந்தது. நேராக வரவில்லை. ஆட்கள் படுத்திருக்கும் வீட்டுக்குள் நடப்பவர் போல, காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து, வளைந்து வளைந்து வந்தார். தள்ளிவிட்டுத் திரும்பும்போதும் அதே மாதிரிதான் போனார். மணியம் அண்ணனிடம் இது என்ன இடம் என்று கேட்டேன். "சும்மா காடுதான் டீச்சர்," என்று அன்றைக்கு மட்டும் பதில் உடனே வந்தது.

புரிந்திருக்க வேண்டும். சரோஜா கதையைச் சொல்லி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் படம் வரைய உட்கார்ந்தால் எனக்குப் படம் மட்டும்தான் கண்ணில் தெரியும். வீட்டில் இதற்கு நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

அன்று மத்தியானம் மழை கொட்டி ஓய்ந்து வெயில் சாய்வாக இறங்கியபோது, சரிவு முழுக்கத் தண்ணீர் பளபளத்தது. சிறு சிறு தேக்கங்கள். ஆள் நீளம், முழங்கை அகலம். ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, எல்லாம் ஒரே திசையில் நீண்டு கிடந்தன. உரம் போட வெட்டிய குழிகளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வானம் ஒவ்வொன்றிலும் துண்டு துண்டாக விழுந்திருந்தது. கை தானாக ஓடியது. பத்து நிமிடம்கூட இராது, மண் தண்ணீரைக் குடித்துவிட்டது. மேட்டிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசி ஒன்றும் போனது. ஏனோ அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்காமல் பிரஷ் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

வியாழனும் வெள்ளியும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே போனேன். மழையில் குடைக்குள் ஒடுங்கிக் காத்திருப்பேன். மழை விட்டதும் தண்ணீர் எழுந்துவரும், நான் வரைவேன். மூன்று நாளும் அதே இடங்கள், அதே அளவு. மொத்தம் ஒன்பது. மணியம் அண்ணன் மழையிலும் கம்பியோடு நடந்தார். வெள்ளிக்கிழமை அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்றதற்குத் தலையை ஆட்டினார். ஆமாமா இல்லையா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து படத்தைச் சுவரில் சாய்த்துப் பார்த்தேன். நான் வரைந்ததில் அதுதான் நல்ல படம். ஆனால் இடது ஓரம் வெறுமையாக நின்றது. எனக்கு ஒரு பழைய கெட்ட பழக்கம் உண்டு. நேரில் வரைந்ததை வீட்டில் திருத்தாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நான் மட்டும் திருத்துவேன். இடது ஓரத்தில், ஒரு செம்பனை அடியில், சின்னதாக ஒரு தேக்கம் வைத்தேன். மற்றவற்றில் பாதி நீளம்கூட இல்லை. படம் சட்டென்று உட்கார்ந்துவிட்டது. திருப்தியாகக் கீழே எடுத்துப்போய்ச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன்.

வேலை முடிந்து வந்த சரோஜா கையைத் துடைத்துக்கொண்டே குனிந்து பார்த்தார். துடைப்பது நின்றது. படத்தின் மேல் ஓரத்தில் நீட்டியிருந்த ரப்பர் மரத்துக் கிளையையும் பாதை வளைவையும் விரலால் தொட்டார். தண்ணீரை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். அன்று தோட்டத்து வீட்டு வாசலில் நின்று அவர் பார்த்த சரிவு அதுதான். அவர் சொல்வதற்குள் எனக்கும் விளங்கிவிட்டது. நான் நாலு நாளாக எங்கே உட்கார்ந்திருந்தேன், அந்தத் தொழிலாளி எதை மிதிக்காமல் நடந்தார், மண் அமிழ்ந்த இடத்தில் ஏன் தண்ணீர் ஆள் அளவுக்கு நிற்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நெஞ்சில் உட்கார்ந்தன.

சரோஜாவின் விரல் இடது ஓரத்தில் வந்து நின்றது. நான் மாடியில் வைத்த தேக்கத்தின்மேல்.

"இதானே நம்ம புள்ள?" என்று கணவரைக் கேட்டார்.

மணியம் அண்ணன் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமா. அதான்," என்றார்.

நான் அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த அம்மாளின் முகத்தில் வந்திருந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? தவிர, மணியம் அண்ணன் ஏன் பொய் சொல்கிறார் என்பதும் புரியவில்லை. அந்தக் கம்பியை நினைத்தபோது புரிந்தது. சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை வெயில் பிய்த்துக்கொண்டு அடித்தது. சரோஜா கேண்டீனுக்குப் போடும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தூக்கில் பாலும் ஒரு வெள்ளைத் துண்டுமாக வந்தார். என் படத்தைக் கையிலேயே வைத்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்றக் குடும்பங்கள் வந்து காரியத்தை முடித்துக்கொண்டு கிளம்பியிருந்தன. ஒன்பது குழிகளில் ஏழு திறந்து கிடந்தன. வேலைக்குப் பொறுப்பான மலாய்க்காரர், மரியாதையான மனிதர், அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மண்வெட்டியோடு இரண்டு பேர்.

சரோஜா படத்தை முன்னால் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். இடது ஓரத்துச் செம்பனை. அதனடி. அவர் கையை நீட்டினார். மண்வெட்டி மேலே எழுந்தது.

"நில்லுங்க சரோஜா," என்றேன். "அந்தச் சின்னத் தண்ணி இங்க இல்லை. படத்துல அந்தப் பக்கம் வெறுமையா இருந்துச்சுன்னு நானாப் போட்டது."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார்.

மணியம் அண்ணன் தலை நிமிராமல் சொன்னார்: "எனக்கு எடம் தெரியாது சரோஜா. அப்பா காட்டுனாரு. கொட்டுற மழையில வந்து நின்னேன், கண்ணுல ஒன்னும் ஏறல. மறு வருசம் வந்து பாத்தா பொதரெல்லாம் வெட்டி ஒரே மாதிரி ஆக்கிட்டானுங்க. ஒன்கிட்ட எப்படி வந்து சொல்றது?"

"அப்ப இத்தன வருசமா பால எங்க ஊத்துனீங்க?"

"ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு எடத்துல. ஒரு வாட்டியாச்சும் அவமேல பட்டிருக்கும்லா."

சரோஜா அழவில்லை, திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. மழை பெய்தால் தெரியுமா என்று மட்டும் என்னைக் கேட்டார். மற்றதெல்லாம் தெரிந்தது என்றேன். அவர் பொறுப்பாளரிடம் மலாயில் பேசினார். மூன்று மணிவரை பொறுக்கலாம் என்று அவர் சொன்னதாக மணியம் அண்ணன் மெல்லிய குரலில் எனக்குச் சொன்னார்.

ஒரு வாரமாக நான் வைத மழை அன்று வரவில்லை. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. பொறுப்பாளர் எங்களுக்கும் சேர்த்து வாங்கி வந்த தேநீரில் ஆடை படிந்தது. எதிர்க் குன்றில் மழை பெய்வது கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே எங்கள் நிழல்கூடக் கலங்கவில்லை. நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. அன்று கும்பிட்டேன்.

இரண்டரைக்கு வெளிச்சம் பச்சையாக மாறியது. பிறகு மொத்தமாகக் கொட்டியது. யாரும் மரத்தடிக்கு ஓடவில்லை. சரோஜா கையிலிருந்த படத்தில் வண்ணம் கரைந்து அவர் மணிக்கட்டில் வழிந்தது. திறந்த குழிகளில் நீர் சேர்ந்தது. திறக்காத இரண்டும் மெல்லத் தெரிந்து வந்தன, ஆள் நீளத்துக்கு. மண்வெட்டிக்காரர்களில் ஒருவர் வாய்க்குள் ஏதோ ஓதினார். நான் பொய்யாக வைத்த இடத்தில் இலைகள் நனைந்து கிடந்தன. அவ்வளவுதான்.

மழை குறைந்தபோது சரோஜா சரிவைப் பார்ப்பதை விட்டுத் திரும்பினார். நான் நாலு நாளும் காலடியில் போட்டுக்கொண்டே பார்க்காமல் விட்ட ஒரே இடத்தைப் பார்த்தார். பழைய ரப்பர் மரத்தடி. என் ஸ்டூலின் நாலு கால் பதிந்த தடங்களுக்கு நடுவே தண்ணீர் நின்றது. ஒரு சாண் அகலம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகமான நீளம். மற்றவை நீண்டிருந்த அதே திசையில்தான் அதுவும்.

பன்றி கிளறிய பள்ளமாகவும் இருக்கலாம் என்று எனக்குள் ஒன்று சொன்னது. அதற்கு வாய் கொடுக்கவில்லை. பொறுப்பாளர் குந்தி டேப்பை வைத்துப் பார்த்தார். விளிம்பில் விரலை விட்டு மண்ணைத் தொட்டார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு மணியம் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார். மணியம் அண்ணன் தூக்கைத் திறக்கப் போனார், மூடி வரவில்லை. சரோஜா அதை வாங்கிக்கொண்டு தானே திறந்து, தானே ஊற்றினார். பால் தண்ணீரில் வெள்ளையாகப் பரவி நின்றது.

"டீச்சர்," என்று நிமிராமலே கேட்டார். "நாலு நாளும் இங்கயா உக்காந்திருந்தீங்க?"

"ஆமா சரோஜா. தெரியாமதான் உக்காந்துட்டேன். தார்ப்பாயைப் போட்டு மூடிட்டேன்."

"மழையிலயுமா?"

"கொடைய விரிச்சுக்கிட்டு."

அவர் தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தார். மழை இன்னும் தூறிக்கொண்டுதான் இருந்தது. பிறகு, என்னிடமா கணவரிடமா என்று சொல்ல முடியாத குரலில் சொன்னார்:

"அப்ப இந்த நாலு நாளு அவ நனையல."